புது லேப்டாப் ஏன் மெதுவாகிறது? முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை

"வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள எதைத் திறந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு." கணினி பற்றிக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த எல்லோரிடமும் இந்தக் குறை வந்து சேரும். சொல்பவர் மனதில் பெரும்பாலும் ஒரு முடிவும் இருக்கும்: மெஷின் பழசாகிவிட்டது, இல்லையென்றால் வாங்கியதே சரியில்லை.

இரண்டும் பெரும்பாலும் உண்மையில்லை. ப்ராசஸர் செருப்பைப் போலத் தேய்வதில்லை. முதல் நாள் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் இன்றும் அத்தனையையும் போடும். மாறியது அதன் தலையில் ஏற்றிய வேலை. நீங்கள் ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், உங்களுக்குத் தெரியாமல் பத்து இருபது மென்பொருள்கள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று தனக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கிறது, இன்னொன்று படங்களை இணையத்துக்கு ஏற்றுகிறது, மற்றொன்று எப்போதாவது தேவைப்படலாம் என்று சும்மா காத்திருக்கிறது. இவற்றில் பலவற்றை நீங்கள் கேட்கவே இல்லை.

அதனால் லேப்டாப்பை வேகமாக வைத்திருப்பது என்றால் புதிதாக எதையோ சேர்ப்பது இல்லை. 'இது ஏன் ஓடுகிறது, நான் கேட்டேனா?' என்று பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை. அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் புரிய வேண்டும்.

மூன்று பொருள்கள் போதும்

ஒரு தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டித் தைப்பது அவர் கை. துணியை விரித்து வைக்க எதிரே ஒரு மேசை. மற்ற துணிகள் எல்லாம் பின்னால் அலமாரியில். லேப்டாப்பில் கை என்பது ப்ராசஸர், மேசை என்பது ரேம், அலமாரி என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. நீங்கள் ஒரு ஃபைலைத் திறப்பது என்பது அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரிப்பது.

மேசை நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? புதுத் துணியை விரிக்க, ஏற்கெனவே விரித்த ஒன்றை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே மறுபடி தேவைப்படும், இன்னொன்றை மடிக்க வேண்டும். கை சும்மா இருக்கும், நடையிலேயே பொழுது போகும். ரேம் போதாதபோது விண்டோஸ் செய்வதும் இதுதான். உடனே தேவைப்படாததை 'பேஜ் ஃபைல்' என்ற ஒன்றில் டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில் வராது. ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்குத் தாவும்போது திரை ஒரு கணம் உறைந்து நிற்பது பல நேரம் இதனால்தான்.

அலமாரியும் எல்லாம் ஒன்றல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு இருக்கும். தேடும் இடம் ஊசிக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கான எம்பி படிக்கும். இன்று வரும் புது லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். உங்களுடையதில் இன்னும் ஹார்ட் டிஸ்க் இருந்து, அதை மாற்ற வசதியும் இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லா யோசனையையும் சேர்த்தால்கூட அந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

ரேம் விஷயத்தில் ஒரு தவறான பயத்தை இங்கேயே போக்கிவிட வேண்டும். 8 ஜிபியில் 5 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று பார்த்ததும் பலர் பதறுகிறார்கள். காலியான ரேமால் யாருக்கும் லாபமில்லை. நீங்கள் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களின் பகுதிகளை விண்டோஸ் முன்கூட்டியே அதில் எடுத்து வைக்கிறது, இடம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். கவலைப்பட வேண்டியது எப்போதும் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்போதுதான்.

முதல் இரண்டு நாள் பொறுமை

புது லேப்டாப்பைத் திறந்த அன்றே அது மெதுவாக இருந்தால் பயப்படாதீர்கள். பெட்டியில் அடைத்த நாளிலிருந்து இன்றுவரை வந்த அப்டேட்கள் எல்லாவற்றையும் அது அப்போதுதான் இறக்கிக்கொண்டிருக்கும். தேடினால் சட்டென்று கிடைப்பதற்காக எல்லா ஃபைல்களின் பட்டியலையும் தயாரித்துக்கொண்டிருக்கும். பழைய கணினியிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் கொண்டுவந்து கொட்டியிருந்தால் அந்த வேலை இன்னும் நீளும். சார்ஜரில் மாட்டி, இணையத்தோடு இணைத்து, சில மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். 'அப்டேட் எதுவும் மிச்சமில்லை' என்று சொல்லும்வரை ரீஸ்டார்ட் செய்து செய்து பாருங்கள். அதற்கப்புறம்தான் அதன் உண்மையான வேகம் தெரியும்.

கூடவே வந்தவர்கள்

அடுத்து, வாங்கும்போதே உள்ளே இருந்த மென்பொருள்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'ப்ளோட்வேர்' என்று பெயர், உப்பலான சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது நாள் சோதனைக்கு வரும் ஆன்ட்டிவைரஸ், சில விளையாட்டுகள், யாரும் திறக்காத படம் திருத்தும் ஆப், 'உங்கள் லேப்டாப்பைப் பதிவு செய்யுங்கள்' என்று நினைவூட்டும் ஒன்று. இவற்றை முன்கூட்டியே ஏற்றித் தர, அந்த மென்பொருள் நிறுவனங்கள் லேப்டாப் தயாரிப்பாளருக்குப் பணம் தருவது வழக்கம். உங்களுக்குத் தேவையா என்று யாரும் யோசித்து வைத்தவை அல்ல.

இடத்தை அடைப்பது மட்டும் இவற்றின் கெடுதல் இல்லை. 2014 செப்டம்பரிலிருந்து விற்ற சில லெனோவோ லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. வங்கித் தளம்போன்ற பூட்டுப்போட்ட இணைப்புகளுக்கு நடுவிலும் அது நுழைந்து விளம்பரம் காட்டியது. அதற்காக அது கணினியில் வைத்த பாதுகாப்புச் சான்றிதழின் சாவி எல்லா லேப்டாப்களிலும் ஒரே சாவி. அந்தச் சாவி கையில் கிடைத்தவர் எவரும் அத்தனை பேரையும் ஏமாற்றலாம் என்ற நிலை. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் அதை நீக்கும் கருவியை வெளியிட்டது. முன்பே வந்த மென்பொருளைப் பட்டியல் போட்டுப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸைத் திறந்து 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். திரையில் இருக்கும் ஐகானை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் மென்பொருள் போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஐகான் வெறும் வழிகாட்டிப் பலகை. பலகையைப் பிடுங்கினால் வீடு இடியாது.

எதை நீக்கக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு டச்பேட் வேலை செய்யவில்லை என்று வருந்துவது நடக்கிறது. இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் என்ற பெயர்களோடு இருப்பவை பெரும்பாலும் திரை, ஒலி, வைஃபை ஆகியவற்றை இயக்குபவை. அவற்றை விட்டுவிடுங்கள். 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++' என்று ஆண்டுப் பெயர்களோடு நாலைந்து வரிகள் இருக்கும். ஒரே பொருள் பல தடவை இருப்பதுபோலத் தோன்றினாலும் வேறு வேறு மென்பொருள்கள் வேறு வேறு பதிப்பை நம்பியிருக்கின்றன. அதுவும் இருக்கட்டும். லேப்டாப் நிறுவனத்தின் அப்டேட் கருவி ஒன்று இருக்கும், அதையும் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றின் பெயர் புரியவில்லை என்றால் அது என்னவென்று தேடிப் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

ஆன்ட்டிவைரஸைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. கவனமாகப் பயன்படுத்தும் சாதாரண ஆளுக்கு அது போதும் என்பது என் கருத்து. உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி படிப்புக்கு வாங்கிய லேப்டாப் மூன்றே மாதத்தில் நகரவே மறுத்தது. பார்த்தால், வாங்கும்போதே வந்த ஆன்ட்டிவைரஸ் ஒன்று, பாதுகாப்பு போதாது என்று அவளாக ஏற்றியது இன்னொன்று. நீங்கள் ஒரு ஃபைலைத் தொட்டால் அதை முதலில் ஒன்று பிரித்துச் சோதிக்கும், அதை மற்றொன்று சந்தேகப்பட்டு மறுபடி சோதிக்கும். இரண்டையும் நீக்கியதும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொண்டது. லேப்டாப்பும் பழைய நடைக்குத் திரும்பியது. காவலுக்கு ஒரு ஆள் போதும். நிரந்தரமாக இரண்டு வைக்க வேண்டாம்.

பார்க்கக் கற்றுக்கொள்வது

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வந்துவிட்டோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். லேப்டாப் மெதுவாகும்போது அதைத் திட்டுவதற்கு முன், ரீஸ்டார்ட் செய்வதற்கும் முன், இதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

முதல் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வரிசையாக இருக்கும். எதிரே சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு தூண்கள். தூணின் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் பயன்படுத்துவது மேலே வரும். மெதுவாக இருக்கும் அந்த நேரத்தில் எந்தத் தூண் நிறம் அடர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். சிபியு நிறைந்திருந்தால் ஏதோ ஒன்று கணக்குப் போட்டுத் தள்ளுகிறது. மெமரி நிறைந்திருந்தால் மேசையில் இடமில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அலமாரிக் கதவில் நெரிசல். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ரேம் போதாதவர் எஸ்எஸ்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் பலன் இருக்காது. பார்க்காமல் வைத்தியம் செய்வதால்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின்றன.

இரண்டு பெயர்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்பது 95 என்று காட்டும். ஏதோ ஒன்று ப்ராசஸரை விழுங்குகிறது என்று தோன்றும். அதன் அர்த்தம் நேர் எதிர்: ப்ராசஸர் 95 சதவீதம் சும்மா இருக்கிறது. இன்னொன்று 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்'. அது டிஃபெண்டர்தான். அவ்வப்போது சோதனை நடத்தும்போது கொஞ்ச நேரம் மேலே ஏறும், பிறகு இறங்கிவிடும்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்ததும் தாமாகவே எழுந்துகொள்பவர்களின் வருகைப் பதிவேடு அது. மீட்டிங் மென்பொருள், பாட்டுக் கேட்கும் ஆப், விளையாட்டுக் கடை, பிரின்டர் உதவியாளர் என்று நீங்கள் ஏற்றிய பலவும் கேட்காமலே இதில் பெயர் கொடுத்திருக்கும். காலையில் நீங்கள் திறந்த உடனே இத்தனை பேரும் ஒரே வாசலில் முண்டியடிப்பதால்தான் முதல் ஐந்து நிமிடம் எதுவும் நகர்வதில்லை. வேண்டாததன் மேல் வலது சொடுக்கு, 'டிஸேபிள்'. அவ்வளவுதான். இதனால் மென்பொருள் அழியாது. நீங்கள் திறக்கும்போது எப்போதும்போலத் திறக்கும். தானாக எழுவதை மட்டும்தான் நிறுத்துகிறோம், வேண்டுமென்றால் மறுபடி 'எனேபிள்' கொடுத்துவிடலாம். ஆகவே தைரியமாகச் செய்து பாருங்கள்.

பக்கத்தில் 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று பாதிப்பின் அளவு போட்டிருக்கும். தொடக்கத்தில் ஒரு நொடிக்கு மேல் ப்ராசஸர் நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தாலே அதற்கு 'ஹை' முத்திரை விழும். அதனால் அந்த வார்த்தையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எனக்கு ஒரே அளவுகோல்தான்: லேப்டாப்பைத் திறந்த உடனே, ஒவ்வொரு நாளும், இது எனக்கு வேண்டுமா? ஒலி, டச்பேட், விண்டோஸ் செக்யூரிட்டி ஆகியவற்றுக்கு ஆமாம். ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் ஆப்பை நம்பியிருக்கிறீர்கள் என்றால் அதற்கும் ஆமாம். வாரம் ஒருமுறை விளையாடும் விளையாட்டின் கடைக்கு நிச்சயம் வேண்டாம்.

பிரௌசர் என்னும் தனி உலகம்

பலருடைய லேப்டாப்பில் உண்மையில் ஓடுவது பிரௌசர் மட்டும்தான். அப்படியானால் கவனிக்க வேண்டியதும் அதைத்தான். குரோம் 2008-ல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி வேலையாகப் பிரித்து இயக்கியது. ஒரு பக்கம் முடங்கினால் மற்றவை சாகாது என்பது இதில் லாபம். ரேம் அதிகம் செலவாகும் என்பது விலை. இன்றைய பிரௌசர்கள் எல்லாம் ஏறத்தாழ இதே வழியில்தான் இயங்குகின்றன. 'பிறகு படிக்கலாம்' என்று திறந்தே வைத்த நாற்பது டேப் என்பது மேசையில் விரித்தே வைத்த நாற்பது துணி. படிக்க வேண்டியதை புக்மார்க் செய்துவிட்டு மூடிவிடுங்கள். குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. தொடாமல் கிடக்கும் டேப்களை அவை தூங்க வைக்கும். அதை இயக்கி வையுங்கள்.

டேப்பைவிட அதிகம் கவனிக்க வேண்டியது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரௌசரோடு ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள்கள். ஒரு கூப்பன் தேடித் தரும், ஒரு பிடிஎஃப் மாற்றித் தரும், ஒரு திரையைப் படம்பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும். அவற்றில் பல, நீங்கள் போகும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதும் அதற்குத் தெரியும். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் அழுத்தினால் பிரௌசருக்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று அதில் பெயரோடு பார்க்கலாம். பிரௌசரின் 'சிஸ்டம்' அமைப்பில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடலாமா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் வைரஸ் அல்ல. என்றோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது நீங்கள் சரி என்று அழுத்தியதன் விளைவு. பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அந்தச் செய்தியையே சொடுக்கி உள்ளே போக வேண்டாம்.

ஷட்டவுன் செய்தால் போதாதா?

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் லேப்டாப்பில் நீங்கள் 'ஷட்டவுன்' கொடுத்தால் உங்கள் மென்பொருள்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் அடிப்பகுதி அப்படியே உறைய வைக்கப்பட்டு டிஸ்க்கில் எழுதப்படும். அடுத்த முறை ஆன் செய்யும்போது அதையே எடுத்து விரிப்பதால் சீக்கிரம் எழும். அதனால் நேற்று டிரைவரில் (திரை, ஒலி போன்றவற்றை இயக்கும் மென்பொருளில்) ஒரு சிக்கல் இருந்தால் இன்று காலையும் அதே சிக்கலோடு எழுந்து நிற்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவது 'ரீஸ்டார்ட்' மட்டும்தான். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' என்று பாருங்கள். தினமும் ஷட்டவுன் செய்பவருக்குக்கூட பல நாள் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அலமாரி நிரம்பாமல்

256 ஜிபி என்று வாங்கினேன், 238 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட் என்று எண்ணுகிறது. 256-ஐ அந்தக் கணக்கில் வகுத்தால் 238 வரும், 512 என்றால் 476. அதிலும் விண்டோஸுக்கும் மீட்பு வசதிக்கும் ஒரு பங்கு போய்விடும்.

எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். அதில் பழைய தகவலின் மேலேயே புதியதை எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். ஒரு நோட்டில் ஒரு வரியை மட்டும் அழிக்க வழியில்லை, அழித்தால் பக்கத்தையே அழித்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்தப் பக்கத்தில் தேவையான வரிகளை வேறொரு காலிப் பக்கத்தில் பிரதி எடுத்துவிட்டுத்தான் அழிக்க முடியும். காலிப் பக்கம் நிறைய இருந்தால் இதை எஸ்எஸ்டி ஓய்வு நேரத்திலேயே செய்துவிடும். இல்லையென்றால் நீங்கள் காத்திருக்கும்போதே செய்ய வேண்டி வரும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால் நிம்மதி, பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போக விடாதீர்கள். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்க, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குச் சொன்ன 'டிஃப்ராக்' யோசனை எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. விண்டோஸே வாரம் ஒருமுறை அதற்கேற்ற பராமரிப்பைச் செய்துகொள்கிறது.

செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'ஸ்டோரேஜ்' போனால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். அங்கேயே 'ஸ்டோரேஜ் சென்ஸ்' இருக்கிறது, 2017-லிருந்து விண்டோஸில் உள்ள வசதி. இயக்கி வைத்தால் தற்காலிக ஃபைல்களையும் குப்பைத்தொட்டியில் நாள்பட்டுக் கிடப்பவற்றையும் தானே பெருக்கும். கையால் செய்ய வேண்டுமென்றால் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலைத் திறந்து நீக்கலாம். ஆனால் ஒன்று, அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டு அழுத்தினால், நீங்கள் இறக்கி வைத்திருந்த சான்றிதழும் படங்களும் குப்பைத்தொட்டிக்கும் போகாமல் நேராகக் காணாமல் போகும். அந்த வரியை மட்டும் தொடாமல், டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நீங்களே திறந்து, வேண்டியதை உரிய இடத்துக்கு மாற்றிவிட்டு மிச்சத்தை நீக்குங்கள். நிறுவி முடித்த மென்பொருள்களின் இன்ஸ்டாலர் ஃபைல்கள்தான் அதில் பெரும்பகுதியாக இருக்கும்.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை 'டெலீட்' செய்தால் இணையத்திலும் அது நீங்கும். லேப்டாப்பில் இடம் வேண்டும், ஆனால் ஃபைல் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் வலது சொடுக்கில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் படங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சுத்தம் செய்கிறேன் என்று வருபவை

'ஒரே சொடுக்கில் வேகம் கூட்டுகிறோம்' என்னும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ரேமைக் காலி செய்பவை, விண்டோஸ் வேண்டுமென்றே எடுத்து வைத்ததைக் கலைத்துப் போடுகின்றன. அது மறுபடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்பவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. சில ஆயிரம் தேவையற்ற வரிகளை நீக்குவதால் வேகம் கூடாது. தவறான ஒரு வரி போனால் மென்பொருள் திறக்காமலே போகலாம். நல்ல பெயர் எடுத்தவற்றுக்கும் ஆபத்து உண்டு. 2017-ல் சிசிகிளீனர் என்ற பிரபலமான சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீய நிரலைப் புகுத்திவிட்டார்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. கணினியின் மூலைமுடுக்கெல்லாம் திறக்கும் சாவியை ஒருவரிடம் தரும்போது, அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாமா? விண்டோஸிலேயே உள்ள கருவிகள் அதே வேலையைச் செய்யும்போது அந்தச் சாவியைத் தர அவசியமே இல்லை.

புது மென்பொருள் ஏற்றும்போதும் இதே கவனம் வேண்டும். அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று ஓடாமல் ஒவ்வொரு பக்கத்திலும் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருப்பது என்ன என்று படியுங்கள். கூடவே இன்னொரு பிரௌசரோ டூல்பாரோ ஏறுவது அந்த இடத்தில்தான்.

சூடும் மின்சாரமும்

ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை செய்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு இந்த நிலை சீக்கிரம் வரும். கெட்டியான, சமமான பரப்பில் வையுங்கள். சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு தூணைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் துளைகளில் தூசி சேர்ந்திருக்கலாம். அப்புறம், 'பவர் மோட்' என்ன நிலையில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கும் நிலையில் வைத்துவிட்டு மறந்துபோய், லேப்டாப்பைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கும் ஒன்று.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனைதான், இடங்கள்தான் வேறு. டாஸ்க் மேனேஜருக்குப் பதில் 'ஆக்டிவிட்டி மானிட்டர்'. தானாக எழுபவற்றின் பட்டியல் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'லாகின் ஐட்டம்ஸ்' என்ற வழியில்.

இத்தனையும் செய்த பிறகும் மெமரி தூண் மட்டும் எப்போதும் நிறைந்தே நின்றால், உங்கள் வேலைக்கு அந்த ரேம் போதவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தபட்சம் 4 ஜிபி போதும் என்பது விதி. அது நுழைவுச்சீட்டு மட்டும்தான், வசதியாக உட்கார 8 வேண்டும், நிறைய டேப்களோடு வேலை செய்பவருக்கு 16 நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு சேர்க்க முடியாது. இன்னும் வாங்கவில்லை என்றால் இதை முதலில் விசாரியுங்கள்.

மெமரியும் சரியாக இருக்கிறது, ஆனால் எங்கே சிக்கல் என்றே பிடிபடவில்லை என்றால் கடைசியாக ஒரு வழி: செட்டிங்ஸில் 'ரெக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி', 'கீப் மை ஃபைல்ஸ்'. முதலில் ஆவணங்களை வெளியே ஒரு டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் ஃபைல்கள் இருக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போயிருக்கும். போனவற்றின் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்ப ஏற்றிவிடாதீர்கள். தேவை வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், எத்தனை பெயர்கள் தொடப்படாமலே இருக்கின்றன என்று தெரியும்.